வீடா, மையமா, விடுதியா: பார்வைக் குறைபாடுள்ள குழந்தையின் முதல் ஐந்து வருடம்

போன மாதம் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பத்து மாதப் பெண் குழந்தை. ஏழாம் மாதத்தில் பிறந்தவள். இரண்டு கண்களிலும் விழித்திரை விலகிவிட்டது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்று மருத்துவர் எழுதியிருந்தார். குழந்தையின் அப்பா என் முன்னால் மூன்று சீட்டுகளை வரிசையாக வைத்தார். முதலாவது, அரசு மருத்துவமனையில் உள்ள, குறைபாடுள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தரும் இடையீட்டுச் சேவை மையத்தின் சீட்டு. வாரம் ஒரு முறை வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது, வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு தொண்டு நிறுவனத்தின் தொலைபேசி எண். மூன்றாவது, உறவினர் ஒருவர் எழுதிக் கொடுத்த விடுதிப் பள்ளி முகவரி. "ஐந்து வயதில் சேர்த்துவிட்டால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதுவரை அடிபடாமல் வைத்திருங்கள்" என்று அந்த உறவினர் சொல்லியிருக்கிறார்.

"டீச்சர், இதில் எது?" என்றார் அப்பா. குழந்தை அப்போது தூளியில் கிடந்தாள்.

பார்வைக் குறைபாட்டுப் பிரிவில் சிறப்பாசிரியராகப் பதினான்கு வருடம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவத்தில் வருடத்துக்குப் பத்துப் பேராவது கேட்டுவிடுகிறார்கள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் வீட்டுப் பயிற்சிக்காரி. ஆனால் வீட்டுப் பயிற்சி எங்கே தோற்கும் என்பதும் எனக்குத்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் தோற்றவள் நானே. அதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. பத்து மாதக் குழந்தை ஒரு நாளில் சுமார் பத்து மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு எழுபது மணி நேரம். நான் வீட்டுக்குப் போனாலும் சரி, நீங்கள் மையத்துக்கு வந்தாலும் சரி, பயிற்சி என்று நடப்பது அதில் ஒரு மணி நேரம். மீதி அறுபத்தொன்பது மணி நேரம் குழந்தை யார் கையில் இருக்கிறது, அவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த மூன்று சீட்டுகளையும் நான் எடை போடுகிறேன்.

யாரும் சீட்டில் எழுதித் தராத வழி

மூன்று சீட்டுகளுக்கும் முன்னால் நான்காவது ஒன்று இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் தங்களை அறியாமலே எடுக்கும் வழி அதுதான்: காத்திருப்பது. "இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறோம்", "ஆபரேஷன் முடியட்டும்", "குலதெய்வத்துக்கு முடி எடுத்த பிறகு". யாரையும் குறை சொல்லவில்லை. பெற்ற குழந்தைக்குக் கண் தெரியாது என்பதை ஒரு மதிய நேரத்தில் கேட்டு ஒரே ராத்திரியில் ஏற்றுக்கொள்ள யாரால் முடியும்?

மருத்துவத்தில் அவசரம் உண்டு, அதைத் தள்ளிப்போடவே கூடாது. குறைமாதக் குழந்தைக்கு, குறிப்பாக 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும். மிகவும் குறைமாதமென்றால் இன்னும் முன்னதாக. பிறவிக் கண்புரை என்றால் முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லது. அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் மூளை பார்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆனால் 'சிகிச்சை முடிந்த பிறகு பயிற்சி' என்ற வரிசை தவறு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் அதே நாளில் கைக்கும் காதுக்கும் வேலை தொடங்கிவிடலாம். இரண்டரை வயது வரை மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்துவிட்டு, நிற்கத் தெரியாத, சோற்றைத் தொட மறுக்கும், இரண்டு விரல்களால் சதா கண்ணை அழுத்திக்கொண்டிருக்கும் பிள்ளையோடு வரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது அவர்கள் மேல் இல்லை. அத்தனை இடங்களில் ஒருவர்கூட "போகிற வழியில் இதையும் தொடங்குங்கள்" என்று சொல்லவில்லையே என்பதில்தான்.

வீட்டுக்கு ஆள் வருவது

வாரம் ஒரு முறை பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வந்து தாய்க்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969இல் தொடங்கிய திட்டம் இதை உலகெங்கும் பரப்பியது. நம் பக்கத்தில், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், களப்பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்களுக்குப் பின்பலமாக நிபுணர்கள் இருக்கிறார்கள். அரசுத் தரப்பில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் உண்டு.

வீட்டில் பயிற்சி நடப்பதன் பலம் என்ன என்பதை சங்கரன்கோவில் வீட்டிலேயே காட்டுகிறேன். குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துக் கோரைப்பாயில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். அவள் தலைக்கு வலப்பக்கம் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் மெல்லத் தட்டினேன். அதுவரை காலை உதைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அசைவற்றுப் போனாள். முகத்தைத் திருப்பவில்லை. சிரிக்கவில்லை.

"பார்த்தீர்களா, காதும் கேட்கவில்லை போலிருக்கிறது" என்றார் பாட்டி. தொண்டை அடைத்தது அவருக்கு.

"முகத்தைப் பார்க்காதீர்கள் அம்மா. கையைப் பாருங்கள்."

மறுபடி தட்டினேன். வலது கையின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பாயில் விரிந்து மடங்கின. பாயின் கோரையை நகத்தால் சுரண்டின. டம்ளரை அந்த விரல் நுனியில் தொடும்படி வைத்தேன், பற்றிக்கொண்டாள். பார்வையுள்ள குழந்தை சத்தம் வந்தால் திரும்பும். பார்வையில்லாத குழந்தை சத்தம் வந்தால் அசையாமல் கேட்கும். திரும்பி என்ன செய்ய? இந்த அசைவின்மையைத் 'துடிப்பில்லாத குழந்தை' என்று குடும்பம் தப்பாகப் புரிந்துகொண்டு பேசுவதைக் குறைத்துவிடும். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகனில் பார்வையற்ற கைக்குழந்தைகளை வீட்டிலேயே தொடர்ந்து கவனித்த செல்மா ஃபிரைபெர்க் எழுதி வைத்ததும் இதுதான்: முகம் சொல்லாததைக் கைகள் சொல்லும். அவர் கண்ட இன்னொன்றும் முக்கியம். பார்க்கும் குழந்தை ஐந்தாம் மாதத்தில் பொருளுக்குக் கை நீட்டும். பார்வையில்லாத குழந்தை வெறும் சத்தத்தை நம்பிக் கை நீட்ட முதல் பிறந்தநாள் நெருங்கிவிடும். கை நீட்டத் தொடங்காதவரை தவழவும் செய்யாது. எதை நோக்கித் தவழ்வது?

இதை ஒரு மையத்தின் அறையில் சொல்லியிருந்தால் பாட்டி தலையாட்டியிருப்பார். தன் வீட்டு டம்ளரில், தன் வீட்டுப் பாயில் பார்த்ததால், நான் விடைபெறும்முன் அவரே வளையலைக் குலுக்கி ஒரு முறை செய்துபார்த்தார்.

தூளியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தூளி தூங்குவதற்கு அருமையான இடம். விழித்திருப்பதற்கு, அதுவும் பார்க்காத குழந்தைக்கு, அது ஒரு வெறுமை. நாலா பக்கமும் ஒரே துணி. கை எங்கே போனாலும் துணி. பாயில் படுத்தால் கையை வீசும்போது எதிலாவது படும். டென்மார்க்கைச் சேர்ந்த லில்லி நீல்சன் இந்தக் கைவீச்சை நம்பியே 'சிறிய அறை' என்ற பெட்டியை வடிவமைத்தார். குழந்தையின் மேலும் பக்கவாட்டிலும் பொருள்கள் தொங்கும், குழந்தை தானாகவே தொட்டுக் கண்டுபிடிக்கும். நாங்கள் டிவி வந்த அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துச் செய்கிறோம்: சாவிக்கொத்து, மரக்கரண்டி, வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சி, கண்ணாடியல்லாத வளையல்கள், தேங்காய் நார்ப் பிரஷ். இரண்டு விதிகள் மட்டும்: கயிறு கழுத்தைச் சுற்றும் நீளத்தில் இருக்கக் கூடாது, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பொருள்களின் இடத்தைத் தினமும் மாற்றாதீர்கள். நேற்று இருந்த இடத்தில் இன்றும் கரண்டி இருந்தால்தான், உலகம் கைவிட்டுப் போனாலும் திரும்பக் கிடைக்கும் என்று குழந்தைக்குத் தெரியும்.

இனி, நான் தோற்ற கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு பையன்; ஒன்றரை வயது. "பிறந்ததும் அழவில்லை டீச்சர்" என்று அம்மா முதல் நாளே சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேனே தவிர யோசிக்கவில்லை. நான்கு மாதம் கிலுகிலுப்பை, டார்ச் வெளிச்சம், மணி. சில நாள் பார்ப்பான், சில நாள் பார்க்கவே மாட்டான். பிடிவாதம் என்று நானும் நினைத்தேன். கடைசியில் ஒரு மையத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்த பார்வைப் பரிசோதகர் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்: கண் நன்றாக இருக்கிறது, பார்த்ததைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதியில்தான் பாதிப்பு. இப்படிப்பட்ட குழந்தைக்கு மணியும் வெளிச்சமும் ஒரே நேரத்தில் காட்டுவது உதவி இல்லை, இரைச்சல். டிவியை அணைக்க வேண்டும். கறுப்புத் துணியின் முன்னால் ஒரே ஒரு சிவப்புப் பொருள். மெல்ல அசைத்துவிட்டு, பேசாமல், மனத்துக்குள் இருபது எண்ணிக் காத்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கை நீட்டினால் அதுவும் பார்ப்பதுதான். நான்கு மாதத்தை வீணடித்தது நான். வீட்டுக்கு வருகிறவருக்குத் தெரியாதது அந்த வீட்டுக்கும் தெரியாமலே போய்விடும் என்பதுதான் வீட்டுப் பயிற்சியின் பெரிய ஓட்டை.

வேறு குறைகளும் உண்டு. அம்மாவுக்குத் தன்னைப் போன்ற இன்னொரு அம்மாவைத் தெரியாமலே போய்விடுகிறது. பணியாளர் மாறினால் இரண்டு மாதம் இடைவெளி விழுகிறது. மழைக்காலத்தில் நான் வருவதே பாதிதான்.

மையத்துக்குப் போவது

பிறந்தது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டம் 2013இல் வந்தபோது அதன் ஓர் அங்கமாக வந்தவை மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள். மருத்துவமனை வளாகத்தில் 'டிஇஐசி' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கட்டணம் இல்லை. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், கண், காது பரிசோதகர்கள், உளவியலாளர் என எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரிய கண் மருத்துவமனைகளில், மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்றவற்றில், பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவுகள் தனியாக உண்டு. பல குறைபாடுகள் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனம் (நிப்மெட் என்பார்கள்); 2021இல் நாடு முழுவதும் திறக்கப்பட்ட பதினான்கு ஒருங்கிணைந்த ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

மையத்தின் பலம் கருவிகளில் இல்லை, கண்டுபிடிப்பதில் இருக்கிறது. இந்தக் குழந்தைக்கு எவ்வளவு பார்வை மிச்சம் இருக்கிறது, எந்தத் தூரத்தில், எந்த நிறத்தில், எந்தப் பக்கத்தில்? கண்ணாடி போட வேண்டுமா? (கைக்குழந்தைக்கும் கண்ணாடி உண்டு, புரை எடுத்த குழந்தைக்கு அது கட்டாயம். 'இவ்வளவு சின்னதுக்குக் கண்ணாடியா' என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.) காது கேட்கிறதா? வலிப்பு இருக்கிறதா? இவற்றுக்கு விடை சொல்ல என்னால் முடியாது. ஒரு குழுவால்தான் முடியும்.

ஆனால் அங்கே போகும் வழியைப் பாருங்கள். காலை ஆறரைக்கு முதல் பஸ். அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு ஆட்டோ. போய்ச் சேரும்போது குழந்தை தூங்கிவிடும் அல்லது அழும். டோக்கன், வரிசை. நாற்பது நிமிடப் பயிற்சி. திரும்பும்போது மதியம் மூன்று. அம்மாவின் ஒரு நாள் கூலி போயிற்று, மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது என்ற கேள்வி வேறு. பயணத்துக்கு அரசுப் பஸ்ஸில் சலுகை வாங்கிவிடலாம். நாளுக்கு யார் சலுகை தருவார்கள்? மூன்றாவது மாதம் வருகை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகும். ஆறாவது மாதம் நின்றுவிடும். அட்டையில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதுவார்கள், தவறு முழுக்கத் தாயுடையது என்பதுபோல.

ஒரு மையம் நல்லதா என்று அறிய என்னிடம் ஒரே சோதனைதான். பயிற்சி நடக்கும்போது அம்மா எங்கே இருக்கிறார்? உள்ளே, தரையில், தன் கையால் செய்துபார்த்துக்கொண்டிருந்தால் அது நல்ல மையம், சுவரில் காரை பெயர்ந்திருந்தாலும். வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் குழந்தையை மட்டும் உள்ளே தூக்கிக்கொண்டு போனால், அங்கே எத்தனை வண்ண விளக்குப் பெட்டி இருந்தாலும் சரி, வேறு இடம் பாருங்கள். நாற்பது நிமிடத்தில் குழந்தை கற்றதை வீட்டுக்கு யார் எடுத்துப்போவது?

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள்: "எந்தக் குறைபாட்டுப் பிரிவில் படித்தீர்கள்?" இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்த சிறப்பாசிரியர்கள் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவர்கள் இல்லை. அறிவுசார் குறைபாட்டில் தேர்ந்தவருக்குப் பார்வையில்லாத குழந்தையின் கை எப்படிக் கற்கும் என்பது தெரியாமல் இருக்கலாம். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் அழுத்துகிறவர் அநேகமாக இந்தப் பிரிவுக்காரர் இல்லை. தன் கையைக் குழந்தையின் கைக்கு அடியில் கொடுத்து, குழந்தையே தடவி வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறவர் தெரிந்தவர். பார்வையில்லாதவருக்குக் கைதான் கண். யாராவது நம் தலையைப் பிடித்துத் திருப்பி 'இதைப் பார்' என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

வீடியோ அழைப்பில் பயிற்சி என்று ஒன்று கொரோனாக் காலத்தில் பரவியது. நேரில் இரண்டு முறையாவது பார்த்த குழந்தைக்கு, இடையிடையே சந்தேகம் கேட்க நல்லது. அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

அங்கன்வாடி

இரண்டரை, மூன்று வயதில் வேறு கேள்வி வருகிறது. குழந்தைக்கு இப்போது அம்மாவைவிட அதிகமாகத் தேவைப்படுவது இன்னொரு குழந்தை. அப்பா கொடுத்த மூன்று சீட்டுகளிலும் இது இல்லை. பெரும்பாலும் யாரும் எழுதித் தருவதும் இல்லை, ஏனென்றால் அது தெருமுனையிலேயே இருக்கிறது.

மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடிகளில் கண்டறிந்து சேர்த்துக்கொள்வதற்கான வழிமுறைகளை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. தரையில் நடப்பது இப்படி: டீச்சரும் ஆயாவும் அன்பானவர்கள், அந்த அன்பே சிக்கல். "பாப்பா விழுந்துவிடும்" என்று சுவரோரமாக ஒரே இடத்தில் உட்கார வைப்பார்கள். கையில் ஒரு பொம்மை. சாப்பாட்டை ஊட்டிவிடுவார்கள். ஆடிப் பாடும் நேரத்தில் டீச்சர் முன்னால் நின்று கையை ஆட்டிக் காட்டுவார். பார்க்கும் பிள்ளைகள் பார்த்து ஆடும். இவளுக்கு வரிகள் மனப்பாடமாகும், கை மடியிலேயே கிடக்கும். ஒரு வருடம் கழித்துப் பாட்டு முழுவதும் சொல்வாள், ஒரு படி ஏறத் தெரியாது.

இதை மாற்றப் பணம் தேவையில்லை. வாசல் நிலையில் ஒரு சணல் கயிறு கட்டினோம், 'இதுதான் வாசல்' என்று கைக்குத் தெரிய. அவள் தட்டும் டம்ளரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆயாவிடம் கேட்டுக்கொண்டோம். பிள்ளைகள் பேசும்போது முதலில் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள், பெரியவர்களுக்குத்தான் நாளானது. நடைக்கு நடைவண்டி. மூன்று சக்கர மர வண்டியை நம் முன்னோர் எதற்காகச் செய்தார்களோ, பார்வையில்லாத குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான முதல் கைத்தடி கிடையாது: தடை வந்தால் வண்டி முதலில் முட்டும், தரை மாறினால் சத்தம் மாறும், இரண்டு கைகளும் முன்னால் இருக்கும். குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வட்ட வாக்கரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விபத்துகளுக்காகக் கனடா அதை 2004இலேயே தடை செய்துவிட்டது.

விரலுக்குப் பல்லாங்குழி. எண்ணுவது, குழிவிட்டுக் குழி தாவுவது, காலிக் குழியைத் தொட்டு அறிவது, வரிசை பிசகாமல் இடமிருந்து வலமாகப் போவது: பின்னாளில் பிரெயில் (விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து) வரியில் விரல் செய்யப்போகும் வேலை இதுதான். (மூன்று வயதுக்கு முன் புளியங்கொட்டை வேண்டாம், மூக்குக்குள் போய்விடும்.) முட்டை அட்டையில் இரண்டுக்கு மூன்றாக ஆறு குழிகளை வெட்டி எடுத்தால் அது ஒரு பிரெயில் கட்டம். மேல் இடது குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் 'அ'. நான்கு வயதில் இதற்குமேல் பிரெயில் தேவையில்லை என்பது என் கட்சி. என் சக ஆசிரியர்கள் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆக, அங்கன்வாடி நல்ல வழிதான், பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது பார்வைப் பிரிவுச் சிறப்பாசிரியர் ஒருவர் அங்கே வந்துபோனால். அது இல்லாமல் வெறுமனே சேர்த்தால், சுவரோரத்தில் ஒரு இடம் கிடைக்கும்.

விடுதி

தமிழ்நாட்டில் பார்வையற்றோர் பள்ளிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. பூவிருந்தவல்லியிலும் அரசுப் பள்ளி இருக்கிறது. இவற்றில் படித்து வந்தவர்கள் ஆசிரியர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் இசைக் கலைஞர்களாகவும் இருக்கிறார்கள். எனக்குப் பிரெயில் சொல்லிக்கொடுத்தவரே அப்படி ஒரு பள்ளியின் பழைய மாணவர்தான். பார்வையில்லாத குழந்தை, பார்வையில்லாத பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாகத் தெருவில் இறங்கிப் போவதை அருகிலிருந்து அறிவது விடுதிப் பள்ளியில்தான் எளிது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் வாதம் வயதைப் பற்றியது. நான்கரை வயதில் விடுதியில் சேர்க்கப்பட்ட ஒரு பையனை அவனுடைய முதல் மே மாத விடுமுறையில் பார்த்தேன். பிரெயிலில் ஒன்றிரண்டு எழுத்து தெரிந்தது, வரிசையில் நிற்கத் தெரிந்தது. தன் வீட்டில் கிணறு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தங்கை பேசினால் யார் என்று கேட்டான். சாப்பிடும்போது தட்டின் மேல் கையை வளைத்து மறைத்துக்கொண்டான். ஏன் என்று அவன் அம்மா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விடுதி மோசம் என்று சொல்ல வரவில்லை. ஐம்பது பிள்ளைக்கு மூன்று ஆயா என்றால் எவ்வளவு நல்லவர்களாலும் ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து மாவு பிசையக் கற்றுக்கொடுக்க நேரம் இருக்காது. பார்வையுள்ள பிள்ளை பார்த்தே தெரிந்துகொள்ளும் ஆயிரம் விஷயங்களை, பால் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே காய்கிறது, அப்பா எப்படி முகம் மழிக்கிறார் என்பதையெல்லாம், இந்தப் பிள்ளைக்குத் தொடவைத்துத்தான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வீடு வேண்டும்.

சட்டமும் அவசரப்படுத்தவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உண்டு; அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது அவர்கள் விருப்பம். அந்தத் தேர்வை ஆறு வயதில் செய்துகொள்ளலாம். ஐந்துக்கு முன் விடுதியைப் பற்றி நான் யோசிப்பது ஒரே நிலையில்தான்: வீட்டில் குழந்தையைப் பார்க்க உண்மையிலேயே யாரும் இல்லை, அல்லது வீடே குழந்தைக்கு ஆபத்தான இடம். அப்படிப்பட்ட வீடுகளும் இருக்கின்றன. அதில் ஒரு பெண் விடுதிக்குப் போன பிறகுதான் வாய்விட்டுச் சிரிக்கக் கற்றாள்.

அப்படியென்றால்

மூன்று வயதுக்குள் கண் பாதிப்பு மட்டும், வீட்டில் பகலில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்றால் வீட்டுப் பயிற்சிதான் முதுகெலும்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மையம். பிறந்ததும் அழவில்லை, வலிப்பு வந்தது, கழுத்து நிற்கவில்லை, காதும் சந்தேகம் என்றால் தலைகீழாக்குங்கள்: முதல் ஆறு மாதம் மையம், எத்தனை பஸ் மாற வேண்டியிருந்தாலும். அந்தச் செலவுக்குக் கடன் வாங்குவதுகூடத் தப்பில்லை என்பேன். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய், பகலில் அண்டை வீட்டில் விட்டுப் போகிற குடும்பமென்றால் மையத்துக்கு அந்த அண்டை வீட்டு அக்காவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அறுபத்தொன்பது மணி நேரத்தில் பெரும்பகுதி அவர் கையில். மூன்று வயதில் அங்கன்வாடி. ஊனச் சான்றும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மட்டும் எந்த வழியானாலும் முதல் வருடத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். சலுகை எதைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சங்கரன்கோவில் அப்பாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இரண்டாவது சீட்டிலுள்ள எண்ணுக்குப் பேசச் சொன்னேன். முதல் சீட்டைக் கிழிக்காமல் வைத்து, அடுத்த மாதம் ஒரு நாள் காதுப் பரிசோதனைக்கும் மிச்சப் பார்வையைக் கணிக்கவும் போய்வரச் சொன்னேன். மூன்றாவதை ஐந்து வருடம் கழித்துப் பார்க்கலாம், பீரோவில் வையுங்கள் என்றேன். அவர் மூன்றையும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தார்.

"அப்போது தூளியை அவிழ்த்துவிடட்டுமா?"

"ராத்திரிக்கு இருக்கட்டும்" என்றார் பாட்டி எனக்கு முன்னால். அவர் கையில் இன்னொரு ஸ்பூன் இருந்தது.